கிட்டங்கிக்கு இடம் வாங்குமுன்...

பஜாரில் இடநெருக்கடி. ஊருக்கு வெளியே பத்து, இருபது சென்ட் வாங்கிக் கிட்டங்கி கட்டவே மொத்த வியாபாரிகள் விரும்புகிறார்கள். மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் பார்க்கிறோம். நல்லதுதான். ஆனால் வில்லங்கத்தில் தெரிவது விற்பனையும் அடமானமும். அந்த மண்ணில் எதைக் கொட்டினார்கள் என்பது அதில் வராது.

நமது மாவட்டத்திலேயே உதாரணம் உண்டு. தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையின் இசைவாணையைப் புதுப்பிக்க 9-4-2018 அன்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மறுத்தது. உப்பாற்று ஓடையோரம் பட்டா நிலங்களில் கொட்டிய தாமிரக் கசடை அகற்றவில்லை, சுற்றுவட்டார நிலத்தடி நீர்ப் பரிசோதனை அறிக்கையைத் தரவில்லை என்பவை அதன் காரணங்களில் இரண்டு. 29-2-2024 அன்று உச்ச நீதிமன்றமும் ஆலையின் மனுவைத் தள்ளியது. 11 இடங்களில் கசடு கொட்டியதை அது குறிப்பிட்டது. அந்த நிலங்களின் பத்திரத்தில் இது ஒரு வரியாவது வருமா?

பின் எங்கே பார்ப்பது? இடத்தை ஒட்டி ஓடை, வாய்க்கால் போகிறதா என்பதைப் புலப்படம் காட்டும். பக்கத்தில் தொழிற்சாலை இருந்தால் வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்குப் போங்கள். 1974-ம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 25-ம் பிரிவுப்படி, இசைவாணை நிபந்தனைகளின் பதிவேட்டை சம்பந்தப்பட்டவர் பார்க்கலாம். தினம் எத்தனை லிட்டர் கழிவுநீர், எங்கே விடவேண்டும் என்பதைக் குறித்துக்கொண்டு நேரில் ஒப்பிடுங்கள். குப்பை கொட்டிய இடமா என்று சர்வே எண் போட்டு நகராட்சிக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய்தான்.

கிணற்றுத் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது. வேறு வழியில்லாவிட்டால் 2000 வரை. அதைத் தாண்டினாலே ஆலைக் கழிவு என்று முடிவுகட்ட வேண்டாம். கரிசல் பூமியில் உப்புத் தண்ணீர் புதிதல்லவே! மேட்டுப்பக்கக் கிணற்றிலும் பள்ளத்துக் கிணற்றிலும் மாதிரி எடுங்கள். பள்ளத்தில் மட்டும் ஏறியிருந்தால் நடுவில் என்ன இருக்கிறதென்று பாருங்கள். நைட்ரேட் 45-க்கு மேல் போனால் சாக்கடை கலந்திருக்கலாம், உரமாகவும் இருக்கலாம். கடலைமிட்டாய் போடுகிறவருக்கு இது பெரிய விஷயம்.

நிரவிய பள்ளமா என்பதற்கு ஆள் ஆழம் குழி வெட்டினால் போதும். பிளாஸ்டிக்கும் சாம்பலும் வந்தால் விட்டுவிடுங்கள். மழைக்கு உப்பி வெயிலுக்கு வெடிக்கிற மண். அதில் குப்பையும் சேர்ந்தால் மூட்டை அடுக்கிய தளம் இறங்கும்.

இவை முடியும்வரை அட்வான்சைக் குறைவாகவே கொடுங்கள். தண்ணீரிலோ மண்ணிலோ கழிவு தெரிந்தால் முன்பணம் திரும்பும் என்று கிரய ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.