கோட்பாட்டு உருவாக்கம்

கோட்பாட்டு உருவாக்கம் என்பது ஒரு நிகழ்வு ஏன், எவ்வாறு நேர்கிறது என்பதற்குச் சோதித்துப் பார்க்கத்தக்க விளக்கத்தை ஆய்வாளர்கள் கட்டியெழுப்பும் முறை ஆகும். உற்றுநோக்கல், கருதுகோள், சோதனை, திருத்தம் ஆகியன இதன் முதன்மையான படிகள். அங்கேரிய மருத்துவர் இக்னாஸ் செம்மல்வைஸ் பிள்ளைப்பேற்றுக் காய்ச்சல் குறித்துச் செய்த ஆய்வு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

உற்றுநோக்கல்

வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு மகப்பேற்றுப் பிரிவுகள் இருந்தன. முதற் பிரிவில் மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும் பேறு பார்த்தனர்; இரண்டாம் பிரிவில் மருத்துவச்சிகள் பார்த்தனர். 1846 இல் முதற் பிரிவில் தாய்மாரின் இறப்பு வீதம் 11.4%; இரண்டாம் பிரிவில் 2.8% மட்டுமே. தம்மை முதற் பிரிவில் சேர்க்க வேண்டாம் எனப் பெண்கள் மன்றாடினர்.

கருதுகோள்களை விலக்கல்

நகரின் நச்சுக்காற்றே காரணம் என்று அக்காலத்தில் நம்பப்பட்டது. ஆனால் இரு பிரிவினரும் சுவாசித்தது ஒரே காற்றை. நெரிசல் காரணமாயின், கூட்டம் மிகுந்த இரண்டாம் பிரிவில் இறப்பு கூடியிருக்க வேண்டும். பேற்றின்போது தாய்மார் படுக்கும் நிலையை மாற்றியும் பயன் கிட்டவில்லை.

புதிய கருதுகோளும் சோதனையும்

1847 மார்ச்சில், பிணக்கூறாய்வின்போது கத்தி கீறியதால் பேராசிரியர் யாக்கோப் கொலெட்ச்கா இறந்தார். அவரது உடலில் காணப்பட்ட மாற்றங்கள் இறந்த தாய்மாரிடம் காணப்பட்டவற்றை ஒத்திருந்தன. முதற் பிரிவு மருத்துவர்கள் பிணக்கூறாய்வை முடித்துக்கொண்டு பேறு பார்க்க வருவது வழக்கம். மருத்துவச்சிகள் அவ்வாய்வில் ஈடுபடுவதில்லை. எனவே பிணத்தின் நுண்துகள்கள் மருத்துவர்களின் கைவழியே தாய்மாரைச் சென்றடைகின்றன என்று செம்மல்வைஸ் கருதினார். அது சரியெனில், கைகளைத் தூய்மையாக்கினால் இறப்பு குறைய வேண்டும். மே மாத நடுவில் குளோரின் கலந்த நீரில் கை கழுவுவது கட்டாயமாக்கப்பட்டது. ஏப்ரலில் 18.3% ஆக இருந்த இறப்பு சூனில் 2.2% ஆகவும் சூலையில் 1.2% ஆகவும் வீழ்ந்தது.

திருத்தம்

அதே ஆண்டு அக்டோபரில், கருப்பைப் புற்றுநோயாளி ஒருவரைப் பரிசோதித்த பின் அடுத்தடுத்துப் பரிசோதிக்கப்பட்ட தாய்மார் பலர் இறந்தனர். இங்குப் பிணம் எதுவும் தொடர்புபடவில்லை. ஆகவே, உயிருள்ளோரின் உடலில் அழுகும் பொருளும் நோயைத் தரும் எனச் செம்மல்வைஸ் தமது விளக்கத்தை விரிவாக்கினார்.

ஏற்பு

அத்துகள்கள் நோயை உண்டாக்கும் விதத்தை அவரால் தெளிவாக விளக்க இயலவில்லை. தம் கைகளே நோயைப் பரப்பின என்பதை ஏற்கவும் மருத்துவர் பலர் மறுத்தனர். 1865 இல் அவர் இறந்தபோதும் அவரது கருத்து பரவலாக ஏற்கப்படவில்லை. 1879 இல் லூயி பாஸ்டர் இந்நோய்க்குக் காரணமான சங்கிலி வடிவ நுண்ணுயிரைச் சுட்டிக்காட்டினார். செம்மல்வைஸ் கண்ட தொடர்புக்கு நுண்ணுயிர்க் கோட்பாடு காரணத்தை வழங்கியது.