உங்களுக்குத் தெரியுமா? நோபல் சேதி வந்தபோது அவர் கானாவில்!

1964-ல் வேதியியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது, அதை வென்ற டோரதி ஹாட்ஜ்கின் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வகத்தில் இல்லை. கானாவில், கணவரோடு இருந்தார்!

• கணவர் தாமஸ் ஹாட்ஜ்கின், கானா பல்கலைக்கழக ஆப்பிரிக்க ஆய்வு நிறுவனத்தின் முதல் இயக்குநர். வடகானாவின் அரபுச் சுவடிகளை அந்நிறுவனம் தேடிச் சேர்த்தது. ஆப்பிரிக்காவுக்கு எழுதப்பட்ட வரலாறே இல்லை என்றவர்களுக்கு இதைவிட நல்ல பதில் ஏது!

• 1953-ல் டோரதிக்கு அமெரிக்கா விசா மறுத்தது. தாமஸின் பழைய கம்யூனிஸ்ட் தொடர்பும் ஒரு காரணம்.

• மூட்டுவாதத்தால் கோணிப்போன விரல்களோடுதான் டோரதி இன்சுலினின் அமைப்பைக் கண்டறிந்தார் (1969).

• அணு ஆயுதங்களை எதிர்க்கும் விஞ்ஞானிகளின் பக்வாஷ் அமைப்புக்கு 1976 முதல் 1988 வரை டோரதியே தலைவர். அன்றைய பிரிட்டன் பிரதமர் மார்கரெட் தாட்சர் அவருடைய பழைய மாணவி. சோவியத் ஒன்றியத்தோடு பேசுங்கள் என்று தாட்சரிடமே டோரதி நேரில் வலியுறுத்தினார்.