மரம் ஒன்று கீறுவோம்

இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்று தன் கதையை எத்தனை தடவை சொல்கிறது? பதிவுக்கு ஒரு தடவை, நிவாரண அட்டைக்கு ஒரு தடவை, தொலைந்த காணி உறுதிக்கு ஒரு தடவை, படிவத்தோடு வரும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு தடவை. எல்லாம் இழப்பிலேயே தொடங்கும். எத்தனை பரப்பு போனது, எத்தனை மாடு போனது, யார் இறந்தார்கள். அந்தக் கிணற்றை எப்படி வெட்டினீர்கள், விதைநெல்லை எப்படிக் காத்தீர்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. படிவத்தில் அதற்கு இடமுமில்லை. சொல்லிச் சொல்லியே, 'எல்லாம் போய்விட்டது' என்பதுதான் தமது முழுக்கதை என்று நம்மிற் பலர் எண்ணத் தொடங்கிவிடுகிறோம்.

மனதில் உள்ளதைக் கொட்டினால் பாரம் குறையும் என்பார்கள். அது பாதி உண்மை. தானாக விரும்பிச் சொன்னால் குறையும். ஆயத்தமில்லாதவரை வற்புறுத்திச் சொல்லவைத்தால் புண்தான் கிளறப்படும். உலக சுகாதார நிறுவனம் 2011 இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கைநூலும், நடந்ததைச் சொல்லும்படி எவரையும் நெருக்கவேண்டாம் என்றே கூறுகிறது.

அப்படியானால் எங்கே தொடங்குவது? ஆபிரிக்காவில் சிம்பாப்வே நாட்டில், எய்ட்ஸ் நோய்க்குப் பெற்றோரைப் பறிகொடுத்த பிள்ளைகளுடன் வேலைசெய்தவர்களுக்கும் இதே கேள்வி எழுந்தது. அந்நாட்டு உளவியலாளர் என்காசெலோ என்கூபே, அவுஸ்திரேலியாவின் டேவிட் டென்பரோ ஆகிய இருவரும் சேர்ந்து 'வாழ்வின் மரம்' என்ற முறையை உருவாக்கினார்கள். பின்னர் அது பல நாடுகளில் அகதிகளிடையேயும் வளர்ந்தோரிடையேயும் பரவியது. மண்ணோடு வாழ்ந்த நமக்கு அதை விளங்கிக்கொள்வது கஷ்டமல்ல.

ஒவ்வொருவரும் ஒரு மரம் கீறுகிறார்கள். வேரில் பிறந்த ஊர், அப்பு ஆச்சி, சிறுவயதில் கேட்ட பாட்டு. நிலத்தில் இப்போது இருக்கும் இடமும் அன்றாட வேலையும். அடிமரத்தில் கைவந்த திறமைகள். இங்கே பலர் 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்பார்கள். மிளகாய்க் கன்றின் இலையைப் பார்த்தே நோயை அறிபவர், நான்கு சகோதரரின் சண்டையைத் தீர்த்துவைத்தவர்கூட அப்படித்தான் சொல்வார். பக்கத்தில் இருப்பவர்தான் எடுத்துக்கொடுக்க வேண்டும். கிளைகளில் இனிமேல் வேண்டுவது. கனிகளில் பிறர் செய்த நன்மைகள்.

இலைகளில் நமக்கு முக்கியமானவர்களின் பெயர்கள். இறந்தவர்களையும் எழுதலாம். படிவத்தில் 'இறந்தோர்' நிரலில் நின்ற தகப்பன், இங்கே ஏர் பிடிக்கப் பழக்கியவராக நிற்கிறார். அவரைப்பற்றி என்ன ஞாபகம், உங்களில் எதைக் கண்டு அவர் பெருமைப்பட்டிருப்பார் என்று கேட்கலாம். கண்ணீர் வரும். வரட்டும், அவசரப்பட்டுத் துடைக்கவேண்டாம்.

பின்பு எல்லா மரங்களையும் பக்கம் பக்கமாக வைத்தால் ஒரு தோப்பாகிறது. அதன் பிறகே புயலைப்பற்றிய பேச்சு. மட்டக்களப்பு மூத்தோருக்கு 1978 சூறாவளியில் சாய்ந்த தென்னைகள் நினைவிருக்கும். புயல் வந்தது மரத்தின் குற்றமல்ல. வந்தபோது என்ன செய்தோம், யாரைப் பிடித்துக்கொண்டோம், எதை விட்டுக்கொடுக்கவில்லை என்பதை ஒருவருக்கொருவர் சொல்கிறார்கள். சொல்ல விரும்பாதவர் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

கேட்பவருக்கும் ஒரு வார்த்தை. நம் ஊரில் புத்திமதிக்குப் பஞ்சமில்லை! இக்காலத்தில் 'லைஃப் கோச்சிங்' எனப்படும் வாழ்க்கை வழிகாட்டலின் அடிப்படை, புத்திமதியைக் குறைத்துக் கேள்வியைக் கூட்டுவதுதான். கிளையில் 'திரும்பத் தோட்டம் செய்யவேண்டும்' என்று எழுதியவரிடம் 'கடன் எடுங்கோ' என்று சொல்லாமல், 'இந்தக் கிழமை அதற்காக எதைச் செய்யலாம்?' என்று கேளுங்கள். கொட்டிலுக்குப் பின்னால் இரண்டு கத்தரிக் கன்று நடலாம் என்ற பதில் அவரிடமிருந்தே வரவேண்டும். அடுத்த கிழமை மறவாமல் போய்க் கன்றைப் பாருங்கள்.

இதனால் காணி திரும்பிவராது. காணாமற்போனவரைப்பற்றிய கேள்விக்கும் இது பதிலல்ல. அவற்றுக்கான மனுக்களும் அலைச்சலும் தொடரத்தான் வேண்டும்.

காகிதம் இல்லாவிட்டால் முற்றத்து மணலில் தடியால் கீறலாம். எழுதத் தெரியாதவருக்குப் பேரப்பிள்ளை எழுதட்டும். ஆனால் கிழமைக்கணக்கில் உறங்காதவர், சாப்பாட்டை வெறுத்தவர், சாவைப்பற்றிப் பேசுபவர் எவரும் இருந்தால் மரத்தோடு நிறுத்தவேண்டாம். ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு நீங்களே கூடப்போங்கள். தூரமென்றால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்குத் தொலைபேசியில் பேசலாம்.