கைக்கடிகாரத்துக்குள் ஓர் இசைக்கவை

காது மந்தமாகக் கேட்கிறது என்று காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் போனால், அவர் மேசையிலிருந்து கவட்டை போன்ற ஓர் உலோகத் துண்டை எடுக்கலாம். பள்ளி ஆய்வகத்தில் பார்த்த அதே இசைக்கவைதான். முழங்கையில் ஒரு தட்டு தட்டி, அதன் காம்பைக் காதுக்குப் பின்னாலுள்ள எலும்பில் அழுத்துவார். அடுத்து, அதிரும் புயங்களைக் காதுத் துளைக்கு நேரே பிடிப்பார். “எங்கே வைத்தால் சத்தம் கூடுதலாகக் கேட்கிறது?” என்பார்.

குறையில்லாத காதுக்குக் காற்று வழியே வரும் ஒலிதான் ஓங்கிக் கேட்கும். எலும்பு வழியே ஓங்கினால், ஒலி உட்செவியைச் சேருமுன் எங்கோ தடைபடுகிறது. குறும்பி அடைத்திருக்கலாம், செவிப்பறை கிழிந்திருக்கலாம், நடுச்செவியில் நீர் கோத்திருக்கலாம். ஜெர்மானிய மருத்துவர் ரின்னே 1855இல் விவரித்த சோதனை இது. இதற்குப் பெரும்பாலும் 512 ஹெர்ட்ஸ் கவை. சர்க்கரை நோயாளியின் கால் கட்டைவிரலில் வைப்பது 128 ஹெர்ட்ஸ் கவை. அதன் அதிர்வு உறைக்கவில்லை என்றால் நரம்பு பழுதுபடத் தொடங்கியிருக்கலாம்.

லண்டனில் ட்ரம்பெட் வாசித்த ஜான் ஷோர் 1711இல் இசைக்கவையை உருவாக்கியது சுருதி சேர்க்கத்தான். அது இத்தனை இடங்களுக்குப் பரவியதற்குக் காரணம் அதன் வடிவம். ஒற்றைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தட்டினால் அதிர்வு கைக்குள் இறங்கிச் சீக்கிரமே அடங்கிவிடும். கவையின் புயங்களோ ஒன்றையொன்று நெருங்குகின்றன, பிறகு விலகுகின்றன. பக்கவாட்டு இழுப்பு இரண்டும் அடிபட்டுப் போக, காம்பு மட்டும் மிக லேசாக மேலும் கீழும் அசைகிறது. அதனால் காம்பைப் பிடித்தாலும் அதிர்வு சாவதில்லை. தட்டியதும் எழும் கிணுகிணுப்பு, அடிப்படை அதிர்வெண்ணைப் போல ஆறு மடங்குக்கும் சற்று மேலான மேற்சுரம். அது நொடியில் மறைந்து, ஒரே சுரம் சுத்தமாக நிற்கும்.

இதே வடிவத்தால் சத்தம் குறைவு. ஒரு பக்கக் காற்று நெருக்கப்படும்போது இன்னொரு பக்கம் நெகிழ்கிறது. இரண்டும் ஒன்றையொன்று அழிக்கின்றன. அதிரும் கவையைக் காதருகே காம்பைப் பிடித்து மெல்லச் சுழற்றிப் பாருங்கள்: ஒரு சுற்றில் நான்கு முறை ஒலி தேய்ந்து மீளும். காம்பை மேசையில் ஊன்றினால் பலகையே சேர்ந்து அதிர்ந்து முழங்கும். அந்த முழக்கத்துக்கான ஆற்றலும் கவையிலிருந்தே போவதால் அது விரைவில் ஓய்ந்துவிடும்.

அதிர்வைச் சிந்தாமல் வைத்திருக்கும் இந்தக் குணம்தான் குவார்ட்ஸ் கடிகாரத்துக்கும் வேண்டியிருந்தது. குவார்ட்ஸ் படிகத்தை அழுத்தினால் மின்னூட்டம் பிறப்பதை க்யூரி சகோதரர்கள் 1880இல் கண்டார்கள். மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் வளையும் என்பது அதன் மறுபக்கம். பெரும்பாலான குவார்ட்ஸ் கைக்கடிகாரங்களில், சில மில்லிமீட்டர் நீளமுள்ள உலோகக் குப்பிக்குள் குவார்ட்ஸால் ஆன குட்டி இசைக்கவை நொடிக்கு 32,768 முறை துடிக்கிறது. நம் காதுக்கு எட்டாத அந்த எண்ணை 15 முறை பாதியாக்கினால் 1 வரும். சில்லு செய்வது அதைத்தான். நொடிமுள் ஒரு தாவு தாவுகிறது. ஆற்றல் வீணாவது சொற்பம் என்பதால் பொத்தான் பேட்டரி ஆண்டுக்கணக்கில் தாங்குகிறது.

இந்தக் கவை சுமார் 25 டிகிரி செல்சியஸில் சரியாக ஓடும்படி வெட்டப்படுகிறது. சூடு ஏறினாலும் தாழ்ந்தாலும் வேகம் குறையும். மணிக்கட்டில் இருக்கும்வரை வெப்பநிலை அதிகம் மாறாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் பகல் முழுக்கக் கிடந்தால், ஓரிரு வினாடி பிந்திவிடும்.