வலை அறிவோம் – 9: லேப்டாப்புக்குள் ஒரு நெட்வொர்க்

கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்கு முல்லைப்பெரியாற்றுத் தண்ணீர் எப்படிப் பிரிகிறது என்று அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தேக்கடியில் தண்ணீர் திறக்க அரசு உத்தரவு வேண்டும். எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு என்பது பொறியாளர் முடிவு. மடையில் நிற்கும் லஸ்கர் ஷட்டரை ஏற்றுவார், இறக்குவார், அவ்வளவுதான். முடிவெடுப்பது ஓரிடம், திறந்துவிடுவது வேறிடம். சாஃப்ட்வேர் டிஃபைன்டு நெட்வொர்க்கிங், சுருக்கமாக எஸ்.டி.என்., இந்த ஏற்பாடுதான்.

போன வாரம் பார்த்த ரவுட்டர்கள் அப்படியல்ல. ஒவ்வொன்றும் பக்கத்து ரவுட்டரிடம் கேட்டு, பாதையைத் தானே கணக்குப் போட்டு, பாக்கெட்டைத் தானே அனுப்பும். ஒரு விதியை மாற்ற வேண்டுமானால் பெட்டி பெட்டியாகப் போக வேண்டும். ஸ்டான்ஃபோர்டில் நிக் மெக்கியோன், மார்ட்டின் கசாடோ உள்ளிட்டோர் முடிவெடுக்கும் வேலையைப் பிரித்து, கன்ட்ரோலர் என்ற தனி மென்பொருளிடம் ஒப்படைத்தார்கள். அது சுவிட்சுகளோடு பேசுவதற்கான ஓபன்ஃப்ளோ 2008-இல் வெளிவந்தது. 2013-இல் கூகுள், தன் டேட்டா சென்டர்களை இணைக்கும் பி4 நெட்வொர்க்கில் பல இணைப்புகள் கிட்டத்தட்ட முழுக் கொள்ளளவில் ஓடுவதாக எழுதியது.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் இது ஒரு விருப்பப் பாடம். போடி அரசு பொறியியல் கல்லூரி மாணவர் இதைப் படிக்க விலை உயர்ந்த சுவிட்ச் எதுவும் வேண்டாம். மினிநெட் என்ற இலவச மென்பொருள் ஒரு சாதாரண லேப்டாப்புக்குள்ளேயே சுவிட்சுகளையும் கணினிகளையும் உருவாக்கித் தரும்.

முதல் பயிற்சி இப்படி இருக்கட்டும். ஒரு சுவிட்ச், மூன்று கணினி. கன்ட்ரோலர் வெளியே இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு, அதை ஓட்டாமல் விடுங்கள். 'பிங்ஆல்' கொடுத்தால் திரை முழுக்க எக்ஸ் குறிதான். ஆறு பிங்கில் ஒன்றுகூடப் போய்ச் சேராது. கம்பி சரி, ஐ.பி. முகவரி சரி, சுவிட்சும் உயிரோடு இருக்கிறது. என்ன செய்வதென்று அதற்குச் சொல்ல ஆளில்லை. இப்போது கன்ட்ரோலரைக் கிளப்புங்கள். ஆறும் போய்ச் சேரும்.

அடுத்து, புதிதாகத் தொடங்கி, இரண்டு கணினிகளுக்கிடையே தொடர்ந்து பிங் விட்டு நேரத்தைப் பாருங்கள். முதல் பிங் மெதுவாக வரும், அடுத்தவை சட்டென்று வரும். வயர்ஷார்க்கைத் திறந்தால் காரணம் தெரியும்: முன்பின் தெரியாத பாக்கெட்டை சுவிட்ச் கன்ட்ரோலரிடம் அனுப்பிக் கேட்கிறது, பதிலாக வரும் விதியைத் தன் ஃப்ளோ டேபிளில் எழுதிக்கொள்கிறது. அதன்பின் கேட்பதில்லை. பாடத்தின் உயிர் இந்த மில்லிசெகண்டு வித்தியாசத்தில்தான் இருக்கிறது. ஆசிரியர்கள் அவசரப்படாமல் இங்கே ஒரு வகுப்பையே செலவிடலாம்.

பழைய பயிற்சிகளில் வரும் ரியூ கன்ட்ரோலர் இன்றைய பைத்தானோடு மல்லுக்கட்டும். அதிலிருந்து கிளைத்த ஓஎஸ்-கென் இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளுங்கள். சப்நெட், ஏ.ஆர்.பி. இரண்டும் புரியாமல் மட்டும் இதற்குள் வராதீர்கள்.

துறைத் தலைவர்களிடம் ஒரு கோரிக்கை: இந்தப் பாடத்தின் செய்முறைப் பயிற்சியை ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்து முடித்துவிடாதீர்கள். ஒவ்வொரு மாணவரும் தன் கையால் அந்த எக்ஸ் குறிகளை வரவழைத்து, தன் கையாலேயே போக்கட்டும்.