ஒற்றை மூலக்கூற்றுப் படலமும் கொலன்னாவையின் கேள்வியும்

கொலன்னாவை என்றதும் தலைநகர மக்களின் நினைவுக்கு வருவன இரண்டு. ஒன்று, எரிபொருள் களஞ்சியமாக விளங்கும் எண்ணெய்த் தாங்கிகள். மற்றையது, 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு தினத்தன்று சரிந்து முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்ட மீதொட்டமுல்ல குப்பைமேடு. இலத்திரனியல் உலகில் வளர்ந்துவரும் ஒரு நுண்ணிய தொழில்நுட்பத்தை விளங்கிக்கொள்ள எண்ணெய் உதவும். அதனை எடைபோடக் குப்பைமேடு உதவும்.

தேங்கிய நீரில் எண்ணெய் விழுந்தால் அது பரந்து செல்வதை நாம் அறிவோம். லண்டன் கிளாப்பம் குளத்தில் ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாத எண்ணெய் அரை ஏக்கர் வரை பரவி நீரின் சலனத்தை அடக்கியதாக பெஞ்சமின் பிராங்ளின் 1774இல் பதிவு செய்தார். கணக்கிட்டுப் பார்த்தால் அப்படலத்தின் தடிப்பு ஏறத்தாழ இரண்டரை நானோமீற்றர். ஒரு நானோமீற்றர் என்பது மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்காகும். அதாவது, அங்கே மூலக்கூறுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படாமல் ஒரே வரிசையில் பரவியிருந்தன எனலாம்.

இதனையொத்த படலத்தைத் திண்மப் பரப்பிலும் உண்டாக்க முடியும். மூலக்கூறின் தலை, பரப்பைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையதாக இருக்கவேண்டும். தங்கத்தைக் கந்தகத் தலை பற்றும். அலுமினியம் ஒட்சைட்டைப் பொஸ்போனிக் அமிலத் தலை பற்றும். உரிய கரைசலில் தகட்டை அமிழ்த்தினால் போதும். சேற்றில் வேர் பிடித்த நாற்றுகளைப் போன்று மூலக்கூறுகள் நெருக்கமாக எழுந்து நிற்கின்றன. நடுவதற்கு எவரும் தேவையில்லை என்பதாலேயே இவை தன்னொழுங்குப் படலங்கள் எனப்படுகின்றன. தங்கத்தின் மீது கந்தகச் சேர்வைகள் இவ்வாறு ஒழுங்குறுவதை 1983இல் நுஸ்ஸோ, அல்லாரா என்னும் இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் எடுத்துக்காட்டினர்.

இப்படலம் திரான்சிஸ்டருக்கு எதற்கு? திரான்சிஸ்டர் என்பது மின்னோட்டத்திற்கு இடப்பட்ட ஒரு வாயில். வாயிலுக்கும் குறைகடத்திக்கும் இடையே ஒரு காவலி உண்டு. வாயிலில் அழுத்தம் கொடுக்கும்போது, காவலியை ஒட்டிய சில மூலக்கூற்று அடுக்குகளிலேயே ஏற்றங்கள் திரண்டு ஓடுகின்றன. குறைகடத்தி எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் அதன் தலைவிதி அந்த எல்லையிலேயே தீர்மானமாகின்றது. ஒட்சைட்டுப் பரப்பில் எஞ்சியுள்ள ஐதரொட்சில் கூட்டங்கள் ஏற்றங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தன்னொழுங்குப் படலம் அவற்றை மூடிவிடுவதுடன், மேலே படியும் பென்டசீன் போன்ற சேதனக் குறைகடத்தி சீராக அடுக்கப்படவும் வழிசெய்கின்றது.

மற்றொரு பயனும் உண்டு. காவலி மெலிந்தால் தேவைப்படும் வோல்ற்றளவும் குறையும். ஜேர்மனியின் ஸ்ருட்கார்ட் நகரில் ஹாகன் கிளவுக் தலைமையிலான குழு 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒட்சைட்டும் இப்படலமும் சேர்ந்த காவலியின் தடிப்பு ஆறு நானோமீற்றருக்கும் குறைவு. அச்சுற்றுகள் 1.5 முதல் 3 வோல்ற்றில் இயங்கின. ஒரு சிறிய பற்றரியே போதுமானது. 2013இல் டோக்கியோ பல்கலைக்கழகக் குழு, சதுர மீற்றருக்கு 3 கிராம் மட்டுமே நிறையுள்ள, கசக்கினாலும் பழுதடையாத சுற்றுகளை இதே முறையில் ஆக்கிக் காட்டியது. உடலில் ஒட்டும் மருத்துவ உணரிகளும் பொதிகளில் அச்சிடும் சுற்றுகளும் இவ்வழியில் எதிர்பார்க்கப்படுகின்றன.

இங்கேதான் கொலன்னாவையின் கேள்வி எழுகின்றது. பழுதடைந்த வானொலியைத் திருத்துநரிடம் கொண்டு செல்கிறோம். பழைய கைத்தொலைபேசிக்குக் கூட ஒரு விலை உண்டு. பால்மாப் பொதியில் ஒட்டிய சுற்றை யார் பிரித்தெடுப்பார்? அது பொதியுடன் குப்பைக்கே செல்லும். மலிவு என்பதே இதன் பலம். எண்ணிக்கையில் பெருகினால் அதுவே இதன் ஆபத்தும் ஆகும்.

'சேதனம்' என்ற சொல்லும் எம்மை ஏமாற்றிவிடக்கூடாது. 2021இன் இரசாயன உரத்தடைக்குப் பின்னர் சேதனம் என்றால் இயற்கையானது, தீங்கற்றது என்ற எண்ணம் எம்மிடையே வேரூன்றியுள்ளது. இரசாயனத்தில் அதன் பொருள் காபன் சேர்வை என்பதே. பொலித்தீனும் சேதனப் பொருளே. இப்படலங்கள் சிலவற்றில் புளோரின் ஏற்றப்பட்ட மூலக்கூறுகள் பயன்படுகின்றன. காபன்–புளோரின் பிணைப்பு இயற்கையில் எளிதில் சிதைவதில்லை. சதுர மீற்றருக்குச் சில மில்லிகிராம் மட்டுமே என்பது உண்மைதான். ஆனால் அதனைத் தாங்கும் பிளாஸ்ரிக் தாளும் உலோக மின்வாய்களும் அத்துணை சிறியன அல்ல.

ஆகவே இத்தொழில்நுட்பத்தை நாம் மறுக்கவேண்டும் என்பதல்ல. ஹோமாகமவில் இயங்கும் இலங்கை நானோ தொழில்நுட்ப நிறுவகம் 2008இல் உருவாக்கப்பட்டது. எமது மாணவர்களுக்கு இத்துறை எட்டாக்கனி அன்று. எந்தத் தலை, எந்த வால், எந்தத் தாள் எனத் தெரிவு செய்யும் உரிமை ஆய்வாளரிடம் உள்ளபோதே, பயன் முடிந்தபின் இது எங்கே போய்ச் சேரும் என்ற வினாவும் அவரிடம் கேட்கப்படவேண்டும். இறக்குமதிக்கு அனுமதி வழங்குவோரும் அதனைக் கேட்கவேண்டும். மேடு உயர்ந்தபின் கேட்பதால் பயனில்லை என்பதை மீதொட்டமுல்ல எமக்கு மிகப்பெரும் விலைக்குக் கற்பித்திருக்கின்றது.