அழிக்க வேண்டியது எதை?

மாணவர்கள் நடமாடும் ஊரில் ஜெராக்ஸ் கடையும் அதன் மூலையில் ஒரு கம்ப்யூட்டரும் இல்லாமல் இருக்காது. உதவித்தொகை விண்ணப்பம், ஹால் டிக்கெட், சாதிச் சான்றிதழ் என எல்லாமே இன்று ஏதோ ஓர் இணையப் பக்கத்தின் வழியாகத்தான். அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நேரில் போய் உட்கார்ந்து இடம் பிடித்த பொறியியல் கலந்தாய்வுகூட 2018-இல் ஆன்லைனுக்கு வந்துவிட்டது.

பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் எந்த உதவி எண்ணைக் கூப்பிட்டாலும் வரும் பதில் ஒன்றுதான்: “குக்கீ, கேஷ் ரெண்டையும் கிளியர் பண்ணிட்டுப் பாருங்க.”

பாதி நேரம் இது பலிக்கும். ஆனால், இரண்டும் ஒன்றல்ல. ஒன்றில் கோளாறு இருக்க இரண்டையும் துடைத்துவிட்டு, பாஸ்வேர்டு நினைவில்லாமல் விழிப்பவர்கள்தான் அதிகம்.

கேஷ் என்பது பிரவுசர் தன்னிடம் எடுத்து வைத்துக்கொள்ளும் நகல். ஒரு தளத்தின் சின்னம், படங்கள், பக்கத்தின் வடிவத்தைச் சொல்லும் கோப்புகள் ஆகியவற்றை ஒருமுறை இறக்கியபின் பிரவுசர் சேமித்துக்கொள்கிறது. அடுத்த முறை, “இது மாறியிருக்கிறதா?” என்று மட்டும் தளத்தின் சர்வரைக் கேட்கும். மாறவில்லை என்பதைச் சர்வர் 304 என்ற எண்ணால் தெரிவிக்கும். சில கோப்புகளுக்கு அந்தக் கேள்விகூடக் கிடையாது. சர்வர் முன்பே சொன்ன கெடு முடியும்வரை பழைய நகலே ஓடும். தளத்தை நேற்றிரவு மாற்றியமைத்திருந்தால் பக்கம் புதிது, வடிவக் கோப்பு பழையது. பொத்தான் அழுத்தினால் வேலை செய்யாது, எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். இதற்கு எதையும் அழிக்கவே வேண்டாம். கம்ப்யூட்டரில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் குரோம் பிரவுசர் அந்தப் பக்கத்தைப் புதிதாக இறக்கிக்கொள்ளும்.

குக்கீ வேறு சங்கதி. 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்டுல்லி என்ற பொறியாளர் இதை உருவாக்கினார். இணையக் கடையில் வாடிக்கையாளர் தேர்ந்தெடுத்த பொருள்களை, கடையின் சர்வரில் வைக்காமல் அவருடைய கம்ப்யூட்டரிலேயே நினைவு வைக்க ஒரு வழி தேவைப்பட்டது. ஏனென்றால், இணையத்துக்கு இயல்பிலேயே ஞாபகம் கிடையாது. ஒவ்வொரு கிளிக்கையும் முன்பின் தெரியாத ஆளிடமிருந்து வந்ததாகவே சர்வர் எடுத்துக்கொள்ளும். கோயில் வாசலில் செருப்பு விடும் இடத்தில் தரும் டோக்கன் போன்றது குக்கீ. உங்கள் முகம் அங்கே யாருக்கும் தெரியாது, டோக்கன்தான் கணக்கு. பட்டுப்புடவை ஒன்றை ஆன்லைன் கூடையில் போட்டுவிட்டு வேறு பக்கம் பார்க்கப் போனாலும் புடவை கூடையிலேயே கிடப்பது இதனால்தான்.

டோக்கன் காலாவதியானால் வினோதங்கள் தொடங்கும். சரியான பாஸ்வேர்டைக் கொடுத்தாலும் பக்கம் மறுபடி லாகினுக்கே தள்ளும். லாகின் பக்கமோ, “நீங்கள்தான் உள்ளே இருக்கிறீர்களே” என்று திருப்பி அனுப்பும். இந்தப் பந்தாட்டம் இருபது முறைக்கு மேல் போனால் குரோம் அலுத்துப்போய்ப் பிழைச் செய்தி காட்டிவிடும். குக்கீகள் அளவுக்கு மீறிச் சேர்ந்து, சர்வர் 400 என்ற எண்ணோடு கதவைச் சாத்துவதும் உண்டு.

எது கோளாறு என்று அறிய எளிய சோதனை, குரோமின் இன்காக்னிட்டோ விண்டோவில் அதே பக்கத்தைத் திறந்து பார்ப்பது. அதில் ஏற்கெனவே சேர்ந்த குக்கீயும் கேஷும் கலக்காது. அங்கே பக்கம் திறந்தால் பழுது உங்கள் பிரவுசரின் சேமிப்பில்தான் இருக்க வாய்ப்பு அதிகம். அப்போதும் எல்லாவற்றையும் துடைக்கத் தேவையில்லை. முகவரிக்கு இடப்புறம் உள்ள சின்னத்தைத் தொட்டால் அந்த ஒரு தளத்தின் குக்கீகளை மட்டும் நீக்க வழி இருக்கிறது. முழுவதும் அழிப்பவர்கள் பாஸ்வேர்டுக்கான கட்டம் இருந்தால் அதில் டிக் இல்லையென்று பார்த்துக்கொள்வது நல்லது. அது குக்கீயோடு சேர்ந்ததல்ல.

இன்காக்னிட்டோவிலும் திறக்கவில்லையா? பழியைப் பிரவுசர்மேல் போட முடியாது. பிளஸ் டூ முடிவு வரும் காலையில் மாநிலமே ஒரே தளத்தைத் தட்டும்போது கேஷை அழிப்பதால் லாபமில்லை. ஏற்கெனவே கையிலிருந்த படங்களையும் திணறும் சர்வரிடமே மறுபடி கேட்க நேரும். பழைய டெஸ்க்டாப்பில் உள்பேட்டரி தீர்ந்து தேதி பல வருடம் பின்னால் போயிருந்தாலும் பாதுகாப்பு எச்சரிக்கை வந்து பக்கம் நின்றுவிடும். தேதியைச் சரிசெய்தால் போதும்.

தயங்காமல் எல்லாவற்றையும் அழிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு: பலர் மாறி மாறி உட்காரும் கடைக் கம்ப்யூட்டர். லாக் அவுட் செய்யாமல் எழுந்து போனவரின் குக்கீ அங்கேயே கிடந்தால், அடுத்து உட்காருபவருக்கு அவருடைய மெயிலும் விண்ணப்பமும் அப்படியே திறக்கும். விண்டோ மூடினால் போயிற்று என்று நம்பாதீர்கள். பல குக்கீகள் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், குரோமில் அதிகபட்சம் 400 நாள்வரை. லாக் அவுட் செய்துவிட்டு, கன்ட்ரோல், ஷிஃப்ட், டெலிட் மூன்றையும் அழுத்தி, கால அளவில் ‘ஆல் டைம்’ என்பதைத் தேர்ந்தெடுத்து அழித்துவிட்டு எழுந்திருங்கள். இங்கே மட்டும், பாஸ்வேர்டு கட்டம் இருந்தால் அதிலும் டிக் போடலாமா என்று கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அவருடைய பாஸ்வேர்டும் அதில் இருக்கலாம்.